பத்து ரூபாய் நாணயமும் செல்லாக் காசுகளும்

(திண்டுக்கல்லில் நடந்த வாசகர் சந்திப்பு ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

நாணயத்தைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றதும் பொருளாதாரம் பேசுவேன் என்று சிலர் நினைத்திருப்பீர்கள். என் ஆய்வு கிராமப்புறக் கூலியைப் பற்றியது, அதனால் அப்படி நினைத்ததில் தப்பில்லை. கொஞ்சம் பொருளாதாரமும் வரும். ஆனால் முதலில் நாணயத்தின் உருவத்தைப் பார்ப்போம். எத்தனை மில்லிமீட்டர், ஓரம் வழவழப்பா சொரசொரப்பா, யார் முகம், எந்த எழுத்து. தினமும் நூறு முறை தொடுகிறோம், ஒரு முறைகூட உற்றுப் பார்ப்பதில்லை.

இதோ இது ஒரு பத்து ரூபாய் நாணயம். 2015 டிசம்பர் 6 அன்று, அண்ணல் அம்பேத்கரின் 125ஆவது பிறந்த ஆண்டையொட்டி இரண்டு நாணயங்களை ஒன்றிய அரசு வெளியிட்டது. ஒன்று 125 ரூபாய் நாணயம். அது சேகரிப்பவர்களுக்கானது, கடைக்கு வராது. இன்னொன்று இந்தப் பத்து ரூபாய். இது புழக்கத்துக்கானது. வெளிவளையம் மஞ்சள், நடுவில் வெள்ளை. ஒரு பக்கம் சாரநாத் சிங்கங்கள், மறுபக்கம் அண்ணலின் முகம்.

இதைக் கொண்டுபோய் நம் ஊரில் ஒரு கடையில் நீட்டினேன். "பத்து ரூபா காயின் செல்லாதுங்க, வேற குடுங்க" என்றார். யார் முகம் என்று அவர் பார்க்கக்கூட இல்லை. நியாயமாகச் சொல்ல வேண்டும்: அவர் சாதி பார்த்து மறுக்கவில்லை. வைஷ்ணவ தேவி படம் போட்ட பத்து ரூபாயை நீட்டியிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பார். பத்து ரூபாய் நாணயம் என்றாலே செல்லாது, அவ்வளவுதான். சென்னையில் இதே நாணயம் ஓடுகிறது. சென்னையிலும் திருப்பூரிலும் கட்டட வேலை பார்த்துவிட்டுப் பண்டிகைக்கு ஊர் திரும்புகிறவர்கள் பையில் பத்துப் பதினைந்து நாணயத்தோடு வந்து இறங்குகிறார்கள். இறங்கிய இடத்தில் அது வெறும் உலோகத் துண்டு. பழனி உண்டியலில் போடலாம், முருகன் மறுப்பதில்லை. டீக்கடையில்தான் செல்லாது.

ஏன் இப்படி ஆனது? இதற்கும் நாணயத்தின் வடிவமைப்புக்கும் நேரடித் தொடர்பு உண்டு. முதல் பத்து ரூபாய் நாணயத்தில் 2005 என்று ஆண்டு இருக்கும், ஆனால் மக்கள் கைக்கு வந்தது 2009இல். அதன் பிறகு வேறு வடிவம். 2010இல் நம் தமிழ்நாட்டுக்காரர் உதயகுமார் வரைந்த ரூபாய்க் குறியீட்டை அரசு ஏற்றுக்கொண்டது, 2011 முதல் அது நாணயத்தில் ஏறியது. அதோடு மேலே உள்ள கதிர்க்கோடுகளின் எண்ணிக்கையும் மாறியது. பழையதில் 15 கோடு, புதியதில் 10. இங்கேதான் வதந்தி பிறந்தது. பத்துக் கோடு இருந்தால் நல்லது, பதினைந்து கோடு இருந்தால் கள்ளக்காசு. குறியீடு இருந்தால் அசல், இல்லாவிட்டால் போலி. கோடு எண்ணிப் பார்க்கப் பொறுமை இல்லாதவர்கள் மொத்தமாகவே வேண்டாம் என்றார்கள்.

இதற்கிடையில் நினைவு நாணயங்கள் வேறு. அம்பேத்கர், ஹோமி பாபா, மகாராணா பிரதாப், தாத்யா தோபே, சின்மயானந்தா, கயிறு வாரியத்தின் அறுபதாண்டு, யோகா தினம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்து ரூபாய். ஆண்டுக்குக் கீழே சின்ன வைரம் இருந்தால் மும்பையில் அடித்தது, நட்சத்திரம் என்றால் ஹைதராபாத், புள்ளி என்றால் நொய்டா, எதுவும் இல்லையென்றால் கொல்கத்தா. இதையெல்லாம் யார் நமக்குச் சொன்னார்கள்? 2016 நவம்பர் 20 அன்று ரிசர்வ் வங்கி ஓர் அறிக்கை விட்டது. 2018 ஜனவரி 17 அன்று இன்னொன்று: இதுவரை 14 வடிவங்களில் பத்து ரூபாய் நாணயம் வந்திருக்கிறது, எல்லாமே செல்லும். 14440 என்ற எண்ணுக்குத் தவறிய அழைப்பு கொடுத்தால் விளக்கம் வரும் என்றும் ஏற்பாடு செய்தார்கள். போக்குவரத்துக் கழகங்களே நடத்துநர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்ப வேண்டி வந்தது.

மக்களை அறியாதவர்கள் என்று திட்டுவது எளிது. நான் அதற்கு உடன்பட மாட்டேன். அந்த முதல் அறிக்கையின் தேதியைப் பாருங்கள். 2016 நவம்பர் 8 இரவு எட்டு மணிக்கு 500, 1000 ரூபாய் நோட்டுகள் நள்ளிரவு முதல் செல்லாது என்றார்கள். பன்னிரண்டு நாள் கழித்து, பத்து ரூபாய் நாணயம் செல்லும், நம்புங்கள் என்றார்கள். சாயங்காலம் செல்லுகிற பணம் ராத்திரி செல்லாமல் போகும் என்று அரசாங்கமே கற்றுக்கொடுத்த பிறகு, எவன் நம்புவான்?

ஆனால் இந்த அவநம்பிக்கையின் செலவை எல்லோரும் சமமாகக் கொடுக்கவில்லை. என் அக்கறை அங்கேதான். பெரிய கடைக்காரருக்கு வங்கியில் நடப்புக் கணக்கு உண்டு, மூட்டையாகக் கட்டிக் கொண்டுபோய்ப் போடுவார். பேருந்து நிலையத்தில் முழம் போட்டு மல்லிகை விற்கிற அம்மாவை எடுத்துக்கொள்ளுங்கள். நிலக்கோட்டைப் பக்கத்துப் பூ மொத்தச் சந்தைக்கு வருகிறது, அவர் விடியற்காலையில் வாங்குகிறார். வெளியூர்ப் பயணி ஒருவர் இரண்டு பத்து ரூபாய் நாணயத்தைக் கொடுத்துவிட்டு வண்டி ஏறிவிடுகிறார். வாடுகிற சரக்கு, வேண்டாம் என்று சொல்ல முடியாது, வாங்கிக்கொள்கிறார். அதை மொத்த வியாபாரி வாங்க மாட்டார், மளிகைக் கடை வாங்காது. வங்கிகள் நாணயத்தை மறுக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. எண்ணுவதற்கு வசதியாக எடை போட்டோ, நூறு நூறாகப் பையில் போட்டோ வாங்கலாம் என்றும் அதில் இருக்கிறது. பத்து ரூபாய் நாணயம் நூறு சேர ஆயிரம் ரூபாய் முடங்க வேண்டும். அன்றாடம் கந்துக்கு வாங்கிச் சரக்கெடுக்கிறவரிடம் ஆயிரம் ரூபாய் முடங்கக் கிடக்குமா? ஆக, கை மாறி வருகிற காசு கடைசியில் நிற்கிறவர் கையில் போய் நின்றுவிடுகிறது. இந்த மாவட்டத்துச் சமவெளியில் கடைசியில் நிற்பவர் யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நிலம் இல்லாதவர், பெரும்பாலும் பெண், பெரும்பாலும் சேரியிலிருந்து வருகிறவர்.

சட்டம் என்ன சொல்கிறது? 2011ஆம் ஆண்டின் நாணயச் சட்டம், ஆறாவது பிரிவு. ஒரு ரூபாய்க்குக் குறையாத எந்த நாணயமும் ஆயிரம் ரூபாய் வரைக்கும் செல்லும். ஐம்பது பைசா பத்து ரூபாய் வரைக்கும் செல்லும். தெளிவாகத்தான் இருக்கிறது. அரசமைப்புச் சட்டத்தின் 17ஆவது பிரிவும் தெளிவாகத்தான் இருக்கிறது. தீண்டாமை ஒழிக்கப்பட்டது. டீக்கடையில் தனி டம்ளர் வைத்திருந்தவருக்கு அது 1950இலேயே செல்லாத காசாகத்தான் இருந்தது. செல்லும் என்று டெல்லி சொல்கிறது, செல்லாது என்று கல்லாப்பெட்டியில் உட்கார்ந்திருப்பவர் சொல்கிறார், ஜெயிப்பது அவர்தான். நமக்கு இது பழகிய அனுபவம். இப்போது பத்து ரூபாய் புண்ணியத்தில் மற்றவர்களும் அதைக் கொஞ்சம் சுவைத்துப் பார்க்கிறார்கள்.

நோட்டைப் போல நாணயத்தைப் பார்வையால் மட்டும் அறிய வேண்டியதில்லை. கையால் அறியலாம். பையைத் திறக்காமலே, விரலை விட்டு, இது ரெண்டு இது அஞ்சு என்று சொல்லிவிடலாம். பழைய பைசாக்கள் அதற்காகவே செய்தவை போல இருந்தன. ஐந்து பைசா சதுரம், பத்து பைசா பூ மாதிரி அலை ஓரம், இருபது பைசா அறுகோணம். எங்கள் அப்பாயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. களையெடுத்துவிட்டு இருட்டில் வரும்போதுகூடச் சுருக்குப் பைக்குள் விரலை விட்டு அன்றையக் கூலியை எண்ணி முடித்துவிடும். ஒரு பைசா தப்பாது.

அப்புறம் எல்லாம் எவர்சில்வர் ஆனது. அதிலே ஒரு கொடுமை செய்தார்கள். 1992 முதல் வந்த ஒரு ரூபாய் நாணயம் 25 மில்லிமீட்டர் விட்டம், எடை 4.85 கிராம். 2011இல் வந்த இரண்டு ரூபாய் நாணயமும் 25 மில்லிமீட்டர், அதே 4.85 கிராம், அதே எவர்சில்வர். அதே 2011இல் வந்த ஒரு ரூபாய், பழைய எவர்சில்வர் ஐம்பது பைசாவின் அளவு, 22 மில்லிமீட்டர். இரண்டும் ஒரே காலத்தில் புழங்கின. கண் தெரிந்தவர், படித்தவர், வெளிச்சத்தில் இருப்பவர் பார்த்துப் பிரித்துவிடுவார். தொட்டு எண்ணுகிறவர் என்ன செய்வார்? அப்பாயி அப்போதுதான் முதல் முறையாகக் காசை என்னிடம் கொடுத்து எண்ணச் சொன்னது. "கையி பொய் சொல்லுதுடா" என்றது.

அதற்கு முன்பு 2007இல் வந்த வரிசையில் ஒரு ரூபாயில் கட்டைவிரல் நிமிர்ந்த கையும், இரண்டு ரூபாயில் இரண்டு விரல் நீட்டிய கையும் இருக்கும். நாட்டிய முத்திரைகள் என்றார்கள். நம் தோழர்கள் பலர் கிண்டல் செய்தார்கள். எனக்கு அந்த யோசனை பிடித்திருந்தது. எழுத்தே வேண்டாம், விரலை எண்ணினால் போதும். படிக்கத் தெரியாதவரை நினைவில் வைத்துச் செய்த ஒரே வரிசை அதுதான் என்று நினைக்கிறேன். 2019 மார்ச் 7 அன்று பார்வையற்றோருக்கு உகந்தது என்று புதிய வரிசை வந்தது. ஒரு ரூபாய் 20 மில்லிமீட்டர், இரண்டு 23, ஐந்து 25, பத்து 27 என்று மதிப்பு ஏற ஏற அளவும் ஏறும். இருபது ரூபாய் பத்தின் அளவேதான், ஆனால் பன்னிரண்டு பக்கம், எடை 8.54 கிராம். நல்ல வேலை, பாராட்ட வேண்டும். ஆனால் பழைய காசுகளைத் திரும்பப் பெறவில்லை. புதிதும் பழையதும் ஒரே பையில் கலந்து கிடக்கும்போது அந்த ஒழுங்கு கைக்கு எப்படித் தெரியும்?

தொட்டு அறிய வேண்டிய ஒரு பொருளை, தொடக் கூடாது என்று விதித்த ஒரு சமூகத்துக்குள் புழங்க விட்டிருக்கிறோம். இது எனக்கு இன்னும் ஆச்சரியமாக இருக்கிறது. கொடுக்கிற கையும் வாங்குகிற கையும் ஒரு நொடி உரசாமல் காசு கை மாறாது. அதனால் உரசாமல் மாற்ற வழி கண்டுபிடித்தார்கள். தரையில் வை, அப்புறம் எடுத்துக்கொள்கிறேன். மேலே இருந்து போடுகிறேன், முந்தானையை விரி. தண்ணீர் தெளித்த பிறகு எடுப்பது. 11 மாநிலங்களில் 565 கிராமங்களில் நடந்த ஆய்வு 'கிராமப்புற இந்தியாவில் தீண்டாமை' என்று 2006இல் நூலாக வந்தது. கன்ஷியாம் ஷா, சுகதேவ் தோரட் உள்ளிட்ட ஐந்து பேர் எழுதியது. கடைகளில் பணம் கை மாறும் விதத்தில் தீண்டாமை எப்படி வேலை செய்கிறது என்பதும் அதில் பதிவாகியிருக்கிறது. அப்பாயி சொல்லும்: பண்ணை வீட்டில் கூலிக் காசு கையில் விழும்போது வலிக்கும், அவ்வளவு உயரத்திலிருந்து போடுவார்கள்.

சாவு வீட்டை யோசித்துப் பாருங்கள். பிணத்தின் நெற்றியில் ஒற்றை ரூபாய். வாய்க்கரிசியோடு போடும் சில்லறை. அதை எடுத்துக்கொள்வது வெட்டியானின் உரிமை என்பார்கள். பிணத்தின் மேல் கிடந்த காசு, அதை எடுக்க ஒரு சாதி, அதற்கு உரிமை என்று பெயர். அதே ஒற்றை ரூபாயைக் கல்யாண மொய்க் கவரில் ஒட்டினால் மங்கலம். ஒரே அச்சில் அடித்த நாணயம்தான் இரண்டும்.

இப்போதெல்லாம் கடைக்குக் கடை க்யூஆர் அட்டை வந்துவிட்டது, யாரும் யார் கையையும் தொட வேண்டாம், தீண்டாமை குறைந்துவிட்டது என்று ஒரு நண்பர் சொன்னார். குறைந்துவிட்டதா, கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டதா என்று கேட்டேன். அவரிடம் பதில் இல்லை, என்னிடமும் இல்லை.

எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நோட்டில் 17 மொழி இருக்கிறது, சின்னதாகவாவது தமிழ் இருக்கிறது. நாணயத்தில் இந்தியும் ஆங்கிலமும் மட்டும்தான். கம்பெனிக்காரன் 1807 வாக்கில் சென்னையில் அடித்த வெள்ளிப் பூவராகனில் தமிழும் தெலுங்கும் இருந்தன. ஐந்தாம் ஜார்ஜ் காலத்து ஓரணாவில் உருது, நாகரி, வங்காளம், தெலுங்கு இருந்தன, தமிழ் இல்லை. 1957இல் நயா பைசா வந்தபோது 'ரூபாயில் நூறில் ஒரு பாகம்' என்று இந்தியில் மட்டும் எழுதியிருந்தார்கள். நாம் படிக்க முடியாததால் 'நயா பைசா' என்ற பெயரையே வசைச் சொல்லாக்கி வைத்துக்கொண்டோம். 2009இல் அண்ணா நூற்றாண்டு ஐந்து ரூபாய் நாணயத்தில் அவருடைய தமிழ்க் கையெழுத்து இடம்பெற்றது. அதுவும் சண்டை போட்டுக் கேட்பவர்கள் இருந்ததால்தான்.

சிங்கத்துக்குக் கீழே 'சத்யமேவ ஜயதே' என்று இருப்பதையும் கவனியுங்கள். மேலே இருப்பது அசோகர் சாரநாத்தில், புத்தர் முதல் உபதேசம் செய்த இடத்தில், நட்ட தூணின் தலைப்பகுதி. கீழே இருப்பது முண்டக உபநிடத வாசகம். பௌத்தத்தின் தலைக்குக் கீழே வேதத்தின் கையெழுத்து. இதை நான் மேடைக்காகச் சொல்லவில்லை, எடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி அண்ணலின் நூலுக்கு வருகிறேன். 'ரூபாயின் பிரச்சினை' 1923இல் லண்டனில் வந்தது. லண்டன் பொருளியல் பள்ளியில் அவருடைய முனைவர் பட்ட ஆய்வு. ஆசிரியர் எட்வின் கேனன் முன்னுரையிலேயே தனக்கு உடன்பாடில்லாததைச் சொல்லித்தான் எழுதினார், அந்த நேர்மை இரண்டு பேருக்குமே பெருமை. அந்த நூலிலிருந்துதான் ரிசர்வ் வங்கியே பிறந்தது என்று நம் மேடைகளில் சொல்வது வழக்கம். நான் அப்படிச் சொல்வதில்லை. அந்த மிகை அவருக்குத் தேவையில்லை. தவிர, நாணயம் அடிப்பது ரிசர்வ் வங்கி இல்லை, ஒன்றிய அரசு. நோட்டில் கவர்னரின் உறுதிமொழியும் கையெழுத்தும் உண்டு. நாணயத்தில் யாரும் எதற்கும் உறுதி சொல்வதில்லை.

அவர் சொன்னது இதைவிடக் கூர்மையானது. ரூபாயின் மதிப்பு இறங்கினால் ஏற்றுமதி வியாபாரிக்கு லாபம் என்றார்கள் அன்றைய முதலாளிகள். அந்த லாபம் வெளிநாட்டிலிருந்து வருவதில்லை, விலை ஏறுகிற வேகத்துக்குக் கூலி ஏறாததால் உழைக்கிறவரிடமிருந்து எடுக்கப்படுவது என்று காட்டினார். 1925இல் ஹில்டன் யங் குழுவின் முன் சாட்சி சொன்னபோதும் இதைத்தான் வலியுறுத்தினார். பணத்தில் எந்தக் கோளாறு வந்தாலும், நட்டம் ஒரு வர்க்கத்திடமிருந்து இன்னொரு வர்க்கத்துக்கு நழுவும், அது எங்கே போய் விழுகிறது என்று பார் என்கிறார். கோடு எண்ணிக்கையில் பிறந்த ஒரு வதந்தியின் நட்டம் பூ விற்கிற அம்மாவின் பையில் விழுகிறதே, அதைப் பார்க்க எனக்குக் கண் கொடுத்தது அந்த நூல்தான்.

அதனால் ஒரு சின்ன வேலை சொல்கிறேன். மேடைப் பேச்சாக எடுத்துக்கொள்ளாதீர்கள், உண்மையிலேயே செய்வோம். இன்று போகும்போது ஆளுக்கு ஐந்து பத்து ரூபாய் நாணயம் வாங்கிக்கொள்ளுங்கள், வாசலில் தோழர்கள் வைத்திருக்கிறார்கள். பூக்காரம்மா, கீரை விற்பவர் கையில் அதைத் தள்ளிவிடாதீர்கள், அவர்களிடம் நோட்டுதான் கொடுக்க வேண்டும். அவர்களிடம் தேங்கியிருக்கிற நாணயத்துக்கு நாம் நோட்டு மாற்றிக் கொடுப்போம். நம் கையில் சேர்வதைப் பெரிய கடைகளிலும் பேருந்திலும் வங்கியிலும் கொடுப்போம். மறுத்தால் சண்டை வேண்டாம். தேதி, நேரம், இடம், எத்தனை நாணயம், என்ன காரணம் சொன்னார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் பெயர் தேவையில்லை, நம் வழக்கு அவர் மேல் இல்லை. ஒரு மாதக் குறிப்பு சேர்ந்ததும் திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் மனுவாகக் கொடுப்போம். மனுவில் இரண்டு கோரிக்கை போதும். பதினான்கு வடிவத்தின் படத்தையும் தமிழில் பெரிய எழுத்தில் அச்சடித்து ஒவ்வொரு ரேஷன் கடையிலும் பேருந்து நிலையத்திலும் ஒட்ட வேண்டும். நூறு சேரும் வரை காத்திருக்கச் சொல்லாமல், பத்து நாணயமானாலும் மாற்றித் தரும்படி வங்கிக் கிளைகளுக்கு மாவட்ட நிர்வாகம் சொல்ல வேண்டும். வேடசந்தூர், நிலக்கோட்டை, நத்தம் பக்கத்திலிருந்து வந்திருப்பவர்கள் பெயரைக் கொடுத்துவிட்டுப் போங்கள், குறிப்பு நோட்டு உங்களுக்குத் தனியாக வைத்திருக்கிறோம்.